பிள்ளை பார்க்க வருபவரின் சம்பளக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் இரண்டு வயது மகளைப் பார்த்துக்கொள்ள வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு, நாங்கள் ஊருக்குப் போயிருந்த பத்து நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கடந்த மே மாதம் நானும் என் கணவரும் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனது நாங்கள். அவர் வேலைக்கு வரத் தயாராகத்தான் இருந்தார். இது உறைத்தபோது வெட்கமாக இருந்தது. முழுச் சம்பளத்தையும் கொடுத்தோம்.

தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. எட்டு மணி நேரத்துக்கு 296 ரூபாய். இதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்காக வைத்த தொகையைக் காட்டியே பேரம் பேசுபவர்களை எங்கள் குடியிருப்பிலேயே பார்க்கிறேன். ஒரு குழந்தையின் உயிரை நாள் முழுதும் ஒப்படைக்கிறோம் என்பது அந்தப் பேரத்தில் வருவதே இல்லை.

சம்பளத்தைவிட வேலை வரம்பில்தான் அநியாயம் அதிகம். குழந்தை தூங்கும் நேரத்தில் "சும்மாதானே இருக்கீங்க" என்று முதலில் துணி மடிக்கச் சொல்கிறோம். பிறகு சின்ன வெங்காயம் உரிக்கச் சொல்கிறோம். மூன்றாம் மாதம் மாவு அரைப்பதும் பாத்திரம் துலக்குவதும் அவர் தலையில் விழுந்துவிடுகின்றன, சம்பளம் மட்டும் அப்படியே நிற்கிறது. மாலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர், நான் அலுவலகத்திலிருந்து எட்டரைக்கு வந்தால், அதன் பிறகுதான் பெரும்பாக்கத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கூலி கேட்டால், "வீட்டு மனுஷி மாதிரிதானே வைத்திருக்கிறோம்" என்பது நம்மிடம் தயாராக இருக்கும் பதில்.

வீட்டுப் பணியாளர்களுக்கென 2007-இல் அமைந்த நல வாரியத்தில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு. பதியத் துணை நிற்பது வேலை கொடுப்பவரின் கடமை. இவர்களுக்கான தனிச் சட்டம் குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்தது. சட்டம் வரும்போது வரட்டும். வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரக் கூலி, தீபாவளி போனஸ் ஆகியவை அடங்கிய ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தை நல வாரியம் தமிழில் வெளியிட வேண்டும்.

நாங்கள் அப்படி ஒன்றை நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டோம். அக்கா சேர்க்கச் சொன்னது ஒரே வரி: "பாப்பா விழுந்தா உடனே போன் பண்ணிச் சொல்லுவேன், சொன்னதுக்காகத் திட்டக் கூடாது."

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை