மூணாறு சுற்றி அம்பைக்கு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளுகிறாயே, அதுதான் பிடிக்கவில்லை. மஸ்கட்டில் டாக்டருக்கா பஞ்சம்? போய்க் காட்டு.

ஊர்ப் பக்கம் போனாயா என்று கேட்டிருந்தாய். இந்த ஆடியில் போனேன். எஸ்டேட்டும் வந்தான். சொல்லப்போனால் நான்தான் அவன்கூடப் போனேன். கார் மட்டும் என்னுடையது. அவன் இன்னும் திருப்பூரில்தான், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தலை முழுக்க நரைத்துவிட்டது. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாள் நாம் வைத்த பெயர், இப்போது அவன் மச்சினன் வாயிலும் அதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து அம்பைக்கு எல்லாரும் போவது திண்டுக்கல், மதுரை, நெல்லை வழி. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரில் இருக்கலாம். எஸ்டேட், உடுமலை ஏறி மூணாறு போய், போடியில் இறங்குவோம் என்றான். ஆடி மழையில் மூணாறா, மலை சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்றேன். "அடைச்சா திரும்பி வருவோம். சவத்த விடு" என்றான். ஏன் அந்த வழி என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மலை ரோட்டில் வண்டி ஓட்ட ஆசைதான் எனக்கு.

ஒன்பதாறு செக்போஸ்ட்டில் வண்டி நம்பரை எழுதிக்கொடுத்ததும் காடு தொடங்கிவிடுகிறது. கேரளம் என்றாலே பச்சை என்று நினைக்கிறவன் சின்னாறைப் பார்க்க வேண்டும். முள்ளும் கள்ளியுமாக நம் வல்லநாட்டுப் பொத்தை மாதிரி கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, ஆனைமலை முகட்டைத் தாண்டும்போது வெறுங்கையோடு வருகிறது. ஆற்றோரம் மட்டும் பெரிய பெரிய மருத மரங்கள். நரை அணில் வாழும் காடு என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் காட்சி கொடுத்தது குரங்குகள்தான்.

மறையூரில் சந்தன மரம் ரோட்டோரத்திலேயே நிற்கிறது, கம்பி வேலிக்குப் பின்னால். மரத்துக்கு இவ்வளவு காவலா என்று எஸ்டேட்டுக்கு ஆச்சரியம். அங்கே கரும்புக் காட்டுக்கு நடுவில் கொட்டகை போட்டு வெல்லம் காய்ச்சுகிறார்கள். சூடான பாகை மரத்தொட்டியில் ஆறவிட்டு, கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உன் அம்மாவுக்கும் ஒரு கிலோ வாங்கினேன், கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டேன். "இதுல உப்பு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு உருண்டையை முடித்தார்கள். சர்க்கரையை அளந்து பார் என்று நீ போனில் சொல்லு, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மறையூர் தாண்டி ஏற ஏற, அரை மணி நேரத்துக்குள் ஊரே மாறிவிடுகிறது. தலையாறு பக்கம் தேயிலை தொடங்குகிறது, கண்ணாடியில் சாரல் அடிக்கிறது, ஜன்னலை ஏற்றிவிட வேண்டியிருக்கிறது. ஆனைமுடி 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம். ஆனால் எங்களுக்கு மேகத்தைத்தான் காட்டியது. அந்தச் சரிவுகளில் 2018இல் குறிஞ்சி பூத்தது. அந்த வருஷ வெள்ளத்தால் பலரால் போய்ப் பார்க்க முடியவில்லை. அடுத்தது 2030. உன் முழங்கால் அதுவரை தாங்கினால் சேர்ந்து போவோம்.

ராஜமலைக்குப் பிரியும் இடம் வந்ததும் எஸ்டேட் வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். இறங்கி மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றான். அந்தப் பக்கம்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். அதில் பெரும்பாலானவர்களுக்குப் பூர்வீகம் நம்ம கயத்தாறு என்பது உனக்கு நினைவிருக்கும். இவன் தாத்தாவுக்கும் ஊர் கயத்தாறுதானாம், எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. தாத்தாவும் அவர் தம்பியும் பஞ்சத்தில் கிளம்பியவர்கள். தம்பி, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் மூணாறுக்குப் போக, அண்ணன் மாஞ்சோலை ஏறினாராம். தம்பி வழியில் ஒரு சித்தப்பா இன்னும் மூணாறில் இருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் இந்தச் சுற்று.

அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தோம். வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு: ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் திண்ணை. சுவரில் பச்சை பெயின்ட், வாசலில் டப்பாக்களில் ரோஜா. சித்தப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம். மருமகள் கொழுந்து எடுக்கப் போகிறாள், அதனால் வீடு அவர்கள் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருத்தராவது கம்பெனி வேலையில் இருக்கும்வரைதான் லயத்தில் இருக்கலாம். பேரன் கோட்டயத்தில் நர்சிங் முடித்துவிட்டான், திரும்பி வந்து தோட்டத்தில் இறங்க மாட்டான். "மருமக ரிட்டயர் ஆனா நாங்க எங்க போறது?" என்று சித்தப்பா சாதாரணமாகத்தான் கேட்டார். கயத்தாறில் அவருக்கு ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது.

மருமகள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பாதி நம்ம ஊர்த் தமிழ், பாதி மலையாள இழுவை. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, பெண்கள் மட்டும் சேர்ந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, 'பெம்பிளை ஒருமை' என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, அதில் இவளும் இருந்திருக்கிறாள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். யூனியன் தலைவர்களைக் கிட்டத்திலேயே விடவில்லை என்று சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். போனஸ் திரும்ப வந்தது. கேட்ட 500 ரூபாய் கூலி வரவில்லை.

மூணாறு டவுனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. லாட்ஜும் சாக்லேட் கடையும் டிராஃபிக்கும்தான். ஒரு காலத்தில் அங்கே ரயில் ஓடியது என்றால் நம்ப மாட்டாய். தேயிலைப் பெட்டிகளைக் குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் கொண்டுபோய், அங்கிருந்து கம்பித்தடத்தில் குரங்கணிப் பக்கம் இறக்கிப் போடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, பிறகு போடவே இல்லை. அந்தக் காலத்தில் மூணாறுக்கு வாசலே போடிதான். சித்தப்பாவின் அப்பாவும் அந்தப் பக்கம்தான் நடந்து ஏறியிருக்கிறார்.

மூணாறிலிருந்து போடிக்குப் போகிற கேப் ரோடு நன்றாக அகலமாகிவிட்டது. அகலப்படுத்தும்போது வெட்டின பாறை சில இடங்களில் இன்னும் பச்சைப் புண்ணாகத் தெரிகிறது. மழை விட்டு ஐந்து நிமிஷம் வெயில் அடித்தபோது கீழே முழுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம், அப்புறம் பஜ்ஜி தின்றோம். சின்னக்கானல், ஆனையிறங்கல் அணை எல்லாம் அதற்கப்புறம்தான் வருகிறது. பெயரிலேயே ஆனை இருக்கிற ஊரில், யானை நடக்கிற தடத்திலேயே 2000களின் தொடக்கத்தில் 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். இப்போது வேலி போட்ட வீடுகள்தான் கண்ணில் படுகின்றன, பல குடும்பங்கள் யானைக்குப் பயந்து போய்விட்டன.

அரிக்கொம்பன் யானையின் ஊர் இதுதான். பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை உடைத்து உடைத்து அரிசி தின்றவன். 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மேகமலை வழியாகக் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றான், 144 போட்டார்கள். ஜூன் 5 அன்று நம்ம வனத்துறை மறுபடி ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மாஞ்சோலை ரோட்டிலேயே மேலே கொண்டுபோய், மேல்கோதையாறு காட்டில் இறக்கிவிட்டது. லாரி போனதை எஸ்டேட்டின் தம்பி வாசலில் நின்று பார்த்திருக்கிறான். "தண்ணிய பீச்சியடிச்சுக்கிட்டே கொண்டுபோனாங்க. கண்ணு பாதி மூடியிருந்துச்சு" என்றானாம். அந்த வருஷம் செப்டம்பரில் நாலுமுக்கு எஸ்டேட் வரைக்கும் வந்து வாழையைப் பிய்த்துப்போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும்வரை எஸ்டேட் அந்த யானையைப் பற்றியே பேசினான். எனக்குக் கிளட்சில் இருந்த கவனம் அவன் பேச்சில் இல்லை. கடைசி வளைவில் சூடான காற்று முகத்தில் அடித்தது. அன்றிரவு போடியில் தங்கினோம். ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊர், லாட்ஜ் படிக்கட்டுவரை அந்த வாசனை.

மறுநாள் உசிலம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி. வலது கைப் பக்கம் மலை கூடவே வந்தது. தென்காசியில் சாரல். பார்டர் புரோட்டா தின்னாமல் வர மாட்டேன் என்று எஸ்டேட் அடம்பிடித்ததால் பிரானூர் வரை போய்த் திரும்பினோம். கடையம் வழியாக அம்பை.

அவன் அம்மா இப்போது கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீட்டில், தம்பி குடும்பத்தோடு இருக்கிறார்கள். மேலே மாஞ்சோலையில் நடந்தது உனக்குத் தெரியும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் கொடுத்த 99 வருஷக் குத்தகை 2028இல் முடிகிறது. தோட்டத்தை நடத்திய கம்பெனி 2024லேயே விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டியது. தம்பியும் கையெழுத்துப் போட்டான், அவன் பெண்டாட்டியும் போட்டாள். யானை ஏறிப் போன ரோட்டில் ஒரு வருஷம் கழித்துச் சாமான் ஏற்றிய லாரிகள் இறங்கின. சில குடும்பங்கள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்தன.

என் அபிப்பிராயம் கேட்டால், அது தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் காடு, 1988லிருந்து புலிகள் காப்பகம், மறுபடி காடாகட்டும். அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் நாலு தலைமுறை கொழுந்து பறித்தவனுக்கு மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் கொடுக்க இந்த நாட்டில் இடமில்லையா? யானைக்கு எங்கே வைத்தால் பிழைக்கும் என்று நிபுணர்களைக் கேட்டார்கள், கோர்ட் கேட்டது. எஸ்டேட்டின் தம்பி எங்கே பிழைப்பான் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இதை அவனிடமே சொன்னேன். "யானைக்காவது கேட்டாங்களே வே" என்றான், கோபமே இல்லாமல்.

அவன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். உன்னையும் விசாரித்தார்கள், நாம் பள்ளிக்கூட லீவில் ஊத்து எஸ்டேட்டுக்குப் போய் அட்டை கடித்து அழுதோமே, அழுதது நீதான் என்று நான் சொல்லிவிட்டேன். சித்தப்பா வீட்டுத் தேயிலைத் தூளைக் கொடுத்தபோது மோந்து பார்த்து, "நம்மதுல இன்னும் காரம் இருக்கும்" என்றார்கள். உடனே ஒரு டம்ளர் போட்டுக் குடித்தார்கள்.

நீ டிசம்பரில் வரும்போது மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று எஸ்டேட் சொல்கிறான். வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், அதனால் தேதியை முன்னாடியே எழுது. அந்தச் சமயம் மேலே அடைமழை, குடையை நம்பாதே, நல்ல ரெயின்கோட் ஒன்று கொண்டுவா. எஸ்டேட்டுக்கும் ஒன்று.

அன்புடன்,
உன் மாப்ள