கீழக்குயில்குடி மலையடிவாரக் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
காளவாசல் பகுதித் தெருப் பெண்கள் 14 பேர்
(கையெழுத்துகள் பின்பக்கம்), மதுரை.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள், மதுரை மாவட்டம்.

பொருள்: சமணர் மலை அடிவாரத்தில் கட்டிப் பூட்டியே கிடக்கும் கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் வசதி செய்து தருவது தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு மே, ஆகஸ்ட் மாதங்களிலும் இந்த ஆண்டு பிப்ரவரியிலும் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

கீழக்குயில்குடி தாங்கள் அறியாத இடம் அல்ல. தாமரைக்குளம், அய்யனார் கோயில், அந்தப் பெரிய ஆலமரம் எல்லாம் தாங்கள் பார்த்தவைதான். குளத்தங்கரையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கழிப்பறையையும் பார்த்திருப்பீர்கள். எங்கள் மனு அதைப் பற்றி மட்டும்தான்.

1. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கொடைக்கானல் கூட்டிப் போக எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நூறு கிலோமீட்டருக்கு மேல் வேன் வாடகை, அறை வாடகை, 2024 மே முதல் இ-பாஸ் வேறு. அதனால் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வருகிறோம். கோயில் படியைத் தவிர வேறு படி ஏறாத பெண்கள் எங்களில் பாதிப்பேர். இப்போது பேச்சிப்பள்ளம் வரை ஏறி, சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகச் செதுக்கிய எட்டுச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிறோம். அங்குள்ள வட்டெழுத்தைப் பார்த்து, "யாரோ முறுக்குப் பிழிஞ்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய எழுத்து என்றதும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள் குளத்தில் முக்குளிப்பான் பறவை எத்தனை என்று எண்ணி நோட்டில் எழுதுகிறார்கள், தாமரையை வரைகிறார்கள். செலவென்று பார்த்தால் ஷேர் ஆட்டோக் காசுதான்.

2. ஐயா, இனிச் சொல்வதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்று மனுவிலும் "அடிப்படை வசதி" என்று நாசூக்காக எழுதினோம். அது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது, இந்த முறை வெளிப்படையாகவே எழுதுகிறோம்.

இந்த மலைக்கு வருகிற அன்று நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. முந்தின நாள் இரவு எட்டு மணிக்கே நிறுத்திவிடுவோம். பையில் ஆளுக்கு ஒரு பாட்டில் இருக்கும், அது பிள்ளைகளுக்கு. ஆண்கள் ஆலமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்து விடுகிறார்கள். நாங்கள் எங்கே போவது? பாறை மறைவுக்குப் போனால் உடைந்த பீர் பாட்டில், சீட்டாடும் கூட்டம். இரண்டு பேர் பழைய சேலையை விரித்துப் பிடிக்க, மூன்றாவது ஆள் அதற்குள் குந்த வேண்டும். பிடித்திருப்பவள் கை நடுங்கும், தூரத்தில் பைக் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவள் பாதியில் எழுந்துவிடுவாள். பதினாறு வயதுப் பெண்பிள்ளை அப்படி எழுந்து வந்தவள், அதற்குப் பிறகு மலைக்கு வரவே இல்லை.

இந்த மனுவை எங்கள் எல்லோருக்காகவும் எழுதுபவள் நான். என் மதினிக்கு வயது 58, சர்க்கரை இருக்கிறது. அடிக்கடி போயாக வேண்டிய உடம்பு. சென்ற வைகாசியில், வாழ்நாளில் முதல் முறையாகச் செட்டிப்புடவுக் குகை வரை ஏறி, சிங்கத்தின் மேல் அமர்ந்து யானை மேல் வரும் எதிரியோடு சண்டை போடும் அந்த அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர். அடுத்த வாரம், அவசரம் வந்துவிடுமோ என்று பயந்து விடியற்காலையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வந்தார். படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. இறக்கிக் கொண்டுவந்து உப்புச் சீனித் தண்ணீர் கொடுத்தோம். நாலு நாள் நீர்க்கடுப்பு. இப்போது "நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்கிறார். மலை ஏறுகிற தெம்பு அவருக்கு இன்னும் இருக்கிறது ஐயா.

ஊருக்குள் ஒரு அப்பத்தா தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுவார். அவர் தெருக்குழாயில் குடம் குடமாகப் பிடித்து வைத்த தண்ணீரை 14 பேர் போய்க் காலி செய்துவிட்டு வருவது எந்த ஊர் நியாயம்? எத்தனை ஞாயிறு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது?

3. சாவி. முதல் அலுவலகத்தில் கேட்டால் கட்டியது நாங்கள், பராமரிப்பு வேறு ஆள் என்கிறார்கள். அந்த வேறு ஆளைத் தேடிப் போனால் இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்கிறார்கள். நடுவில் பூட்டுத் தொங்குகிறது. ஆகஸ்ட் மனுவுக்கு, "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று என் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அன்றைக்கே போய்ப் பார்த்தோம். பூட்டு அப்படியே இருந்தது.

ஒரே ஒரு நாள் அது திறந்திருந்தது. சென்ற கார்த்திகையில் மரபு வாரத்தை ஒட்டி அதிகாரிகள் மலை பார்க்க வந்தார்களே, அன்று. பினாயில் வாசம் குளம் வரை வீசியது. நீல வாளி, நீலக் கப்பு, தொட்டி நிறையத் தண்ணீர். நாங்களும் போனோம், மறுக்கவில்லை. மறுநாளே வாளியையும் கப்பையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த நீல வாளி இன்றும் தெரிகிறது.

4. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, மோட்டார் இல்லை.

5. நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, 28-ஆம் தேதி வரை இருக்கும். அடுத்த திங்கட்கிழமை அழகர் ஆற்றில் இறங்கியதும் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பிள்ளைகளோடு எங்கள் வீடுகளில் இருப்பார்கள், அவர்களையும் இந்த மலைக்குத்தான் கூட்டி வருவோம். நாங்கள் ரோப் கார் கேட்கவில்லை, படகு கேட்கவில்லை. கட்டி முடித்த ஒரு கட்டடத்தின் கதவைத் திறக்கச் சொல்கிறோம். இதற்கு நான்கு மனுவா ஐயா? தங்கள் வீட்டுப் பெண்களை ஒரு நாள் எங்களோடு அனுப்பிப் பாருங்கள், ஐந்தாவது மனு வேண்டியிருக்காது. வேகத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எழுதியதை அடித்துத் திருத்தவில்லை.

காலை ஐந்தரை முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஆறரை வரை திறந்திருந்தால் போதும். கூட்டிக் கழுவ உள்ளூர்ப் பெண் ஒருவரை நியாயமான சம்பளத்தில் அமர்த்துங்கள். ஆளுக்கு ஐந்து ரூபாய் கட்டணம் வைத்தாலும் கொடுக்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கதவிலேயே எழுதிப் போடுங்கள். எதுவும் முடியாதென்றால் சாவியை எங்களிடம் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்களே கழுவிவிட்டு வருகிறோம்.

தயவுசெய்து கதவைத் திறந்துவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காளவாசல் பகுதிப் பெண்கள்

இடம்: மதுரை
நாள்: 05.05.2025

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு நகல் 3, பூட்டின் புகைப்படம் 2.

குறிப்பு: பூட்டின் சாவித் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டி அடைத்துவிட்டது. திறக்க வருபவர் சாவியோடு ஒரு குச்சியும் மண்ணெண்ணெயும் கொண்டுவரவும்.