மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கு: எங்கள் கிளை நூலகத்தின் சாவி குறித்து

ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலித்து உங்கள் கணக்கில் சேர்க்கும் வேலையை, ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் முப்பதாண்டுக்கும் மேலாகச் செய்தவன் நான். இன்று அந்த நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. ரசீதில் அந்தத் தொகையைத் தனியே எழுதிய நான் ஒரு நாளும் நூலகத்துக்குள் நுழைந்ததில்லை. கணக்கில் கண்ட குறையை எழுத்தில் சுட்டியதற்காகப் பணியின் கடைசிக் காலத்தில் இடமாற்றம் பெற்றேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே மனைவியும் காலமானாள். அதன்பின் நான்கு ஆண்டுகள், பால்காரரைத் தவிர யாருக்கும் நான் கதவைத் திறக்கவில்லை. அப்போதும் நூலக வரியை மட்டும் தவணை தவறாமல் கட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

சென்ற ஆனியில் பீரோவை ஒழித்தபோது, அவளுடைய புடவைகளுக்கு அடியில் நூலகப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் எண்ணெய்க் கறை, தேதித் தாளில் ஊதா மை முத்திரை, 112ஆம் பக்கத்தில் மடித்து வைத்த பேருந்துச் சீட்டு. அபராதம் கட்டித் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். நூலகர் முத்திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா ரெண்டாம் பாகம் கேட்டிருந்தாங்க, இப்ப வந்திருக்கு சார்" என்றார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்றாம். அது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று இரண்டு பாகங்களையும் என் பெயரில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இப்போது காலையில் மைதாப் பசை காய்ச்சி, கிழிந்த நூல்களுக்கு முதுகு ஒட்டுகிறேன். மாலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பதினொரு பேருக்குத் தனிவட்டியும் சதவீதமும் சொல்லித்தருகிறேன். ஆனால் நூலகர் இரண்டு நூலகங்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால் வாரத்தில் மூன்று நாள் பூட்டிக் கிடக்கிறது. அந்நாட்களில் பிள்ளைகள் எதிர்வீட்டு விளக்கு வெளிச்சத்தில் நூலகப் படிக்கட்டிலேயே அமர்ந்து படிக்கிறார்கள்.

அந்த மூன்று நாளும் மாலை எட்டு மணி வரை வாசிப்புக் கூடத்தை மட்டும் திறந்துவைக்க, எங்கள் வாசகர் வட்டத்துக்கு எழுத்துமூலம் அனுமதி தாருங்கள். நூல் இரவல் தரமாட்டோம். சாவியை வாங்கும்போதும் ஒப்படைக்கும்போதும் பதிவேட்டில் நேரம் குறித்து நான் கையொப்பமிடுகிறேன். ரசீது எழுதிப் பழகிய கை. தேர்வு நெருங்குவதால், உங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக வாசகர் ஒருவர்