அந்த ஒற்றைச் சிகரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஆறு வருடமாக இடுப்பிலும் தொடையிலும் வந்து வந்து போன சிவந்த திட்டுகளுக்கு ஒருவழியாகப் பெயர் தெரிந்துவிட்டது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். தோலில் வரும் டி செல் லிம்போமா, அதாவது டி செல் என்ற வெள்ளை ரத்த அணுவில் தொடங்கும் புற்றுநோய், ஆரம்பக் கட்டம். பெயரில் பூஞ்சை இருந்தாலும் நோய்க்கும் பூஞ்சைக்கும் தொடர்பில்லை. 1806இல் இந்த நோயை முதலில் விவரித்த அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர், காளான் போன்ற கட்டிகளைப் பார்த்துப் பின்னாளில் வைத்த பெயர் அது. படை, எக்ஸிமா என்று சொல்லி நான் பூசிய களிம்புகளுக்குக் கணக்கில்லை. அதற்காக யார் மேலும் வருத்தமில்லை. தொடக்கத்தில் இந்த நோய் அப்படித்தான் ஏமாற்றும்.

டாக்டர், "வெயில் படாத இடமாகப் பார்த்து ஏன் வருகிறது?" என்று முதலில் கேட்டவர் நீங்கள். பயாப்ஸிக்கு, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனைக்கு, முன் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தச் சொன்னீர்கள். அரிப்பில் தூங்காமல் உங்களைத் திட்டியிருக்கிறேன். மன்னியுங்கள்.

மரபணு ஆய்வகத்தில் இருப்பவருக்கு என்ன எழுதுவது? உங்கள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. முதல் மாதிரியில் டி செல்கள் மிகக் குறைவு. நீங்கள் அதை இரண்டு முறை சோதனையில் ஓட்டினீர்கள். வரைபடத்தில் சிகரம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. 'முடிவு சொல்ல இயலாது, புது மாதிரி தேவை' என்று எழுதி அனுப்பினீர்கள். அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. டாக்டர் படம் போட்டு விளக்கிய பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு டி செல்லும் தன் ஏற்பியின், அதாவது வேற்றுப் பொருளை அடையாளம் காணும் புரதத்தின், மரபணுவைத் தனக்கே உரிய விதத்தில் வெட்டி ஒட்டிக்கொள்கிறது. சாதாரண அழற்சியில் பல வகை செல்கள் கூடுவதால் வரைபடம் சிறு மேடுகளாகப் பரவியிருக்கும். ஒரே செல்லின் வாரிசுகள் பெருகினால், புதர்களுக்கு நடுவே ஒற்றைப் பனைபோல ஒரு சிகரம் நிமிர்ந்து நிற்கும். செல்கள் போதாத மாதிரியில் பொய்ச் சிகரமும் வரும். அதை நம்பி நீங்கள் எழுதியிருந்தால் என் கதி?

இரண்டாம் முறை இரண்டு இடத்தில் 4 மில்லிமீட்டர் துண்டு எடுத்தார்கள். நர்ஸ் அக்கா, ஒவ்வொரு புட்டியிலும் எழுதிவிட்டு, "வலது இடுப்பு", "இடது தொடை" என்று இரண்டு தடவை சத்தமாகப் படித்துச் சரிபார்த்தீர்கள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு துண்டிலும் அதே அளவில் அதே சிகரம். ரத்தத்தில் அது இல்லை.

நோய்க்குறியியல் டாக்டர், அப்புறமும் நீங்கள் அவசரப்படவில்லை. சாதாரண அழற்சியிலும் சில சமயம் குளோன் (ஒரே செல்லின் வாரிசுக் கூட்டம்) தெரியும், லிம்போமாவிலும் சில சமயம் தெரியாமல் போகும் என்றீர்கள். மேல்தோலின் அடியில் வரிசை கட்டிய செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, என் தங்கை மாதாமாதம் எடுத்து வைத்த புகைப்படங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டீர்கள். தங்கச்சி, நீ எடுத்த படங்கள் வீண்போகவில்லை.

இப்போது வாரம் மூன்று நாள் புற ஊதா ஒளி சிகிச்சை. தொடைத் திட்டு வெளிறிவிட்டது. நாளை வேறெங்காவது புதிதாக ஒன்று கிளம்பினால், அதன் சிகரத்தைப் பழையதோடு ஒப்பிட அந்த வரைபடம் கோப்பில் இருக்கிறது என்றார் டாக்டர். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.