அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே

அம்பாசமுத்திரம்

அன்பு மகளுக்கு,

துணி காயப்போடும்போது சன்ஷேடு இடிந்து உன் தோளில் விழுந்ததற்குச் செலவுப் பணம் தருகிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்திருக்கிற அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. மற்றதை நிதானமாகப் படி. போனில் சொன்னால் "சரிப்பா, விடுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் மாப்பிள்ளையும் படிப்பார்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று நீ வாசித்துக் காட்டியபோதே எனக்குச் சுருக்கென்றது. "மருத்துவச் செலவுக்கு முழுத் திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன், இனிமேல் எந்தவிதப் பாத்தியதையும் கோரமாட்டேன்." இது ஒரு வீட்டுக்காரர் உட்கார்ந்து யோசித்து எழுதுகிற வரி இல்லை. யாரோ விஷயம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து இதைப் போல எத்தனையோ தாள் நானே எழுதியிருக்கிறேன், அதனால் தெரியும். பணம் தருகிறாரா, வாங்கிக்கொள். வங்கிக் கணக்கில் போடச் சொல். "வைத்தியச் செலவில் ஒரு பகுதி" என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடு. முழுத் திருப்தி என்கிற வார்த்தை மட்டும் எங்கேயும் வரக்கூடாது. காறை எலும்பு எப்படிக் கூடும், கை பழையபடி மேலே தூக்க வருமா என்று டாக்டரே இன்னும் சொல்லாதபோது உனக்கு மட்டும் எப்படித் திருப்தி வரும்?

நீ கேட்ட முதல் கேள்வி, "வாடகை ஒப்பந்தம் அவர் (மாப்பிள்ளை) பேரில்தானே இருக்கிறது, எனக்கு என்ன உரிமை?" என்பது. காயத்துக்கு நஷ்டஈடு கேட்பது ஒப்பந்தத்தை வைத்து இல்லை, கவனக்குறைவை வைத்து. அந்த வீட்டில் முறைப்படி குடியிருக்கிறவள் நீ. உன் தலைக்கு மேலே இருக்கிற சன்ஷேடு விழாமல் பார்த்துக்கொள்ளும் கடமையில் வீட்டுக்காரர் தவறினார் என்பதுதான் வழக்கு. நீ அங்கே குடியிருப்பதைக் காட்ட மாதாமாதம் மாப்பிள்ளை ஜிபேயில் அனுப்பிய வாடகையும், அந்த விலாசத்துக்கு வந்த கேஸ் பில்லும் போதும்.

இனி வாடகைச் சட்டம். 1960-ம் வருஷத்துச் சட்டம் போய், 2017-ல் புதுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி இதெல்லாம் குடியிருப்பவர் பாடு. சன்ஷேடு எந்தப் பக்கம் வரும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தில் ரிப்பேர் பற்றி வேறு மாதிரி ஏதாவது வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல். பதினோரு மாத ஒப்பந்தம் என்று கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுப்பதில் என்னென்னவோ நுழைத்திருப்பார்கள்.

ஒன்று புரிந்துகொள். வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் என்று அந்தச் சட்டத்தில் இருப்பதெல்லாம் வாடகை, ரிப்பேர், காலி செய்வது போன்ற விவகாரத்துக்கு. துணை ஆட்சியர் தகுதியில் இருக்கிற ஒருவரைக் கலெக்டர் வாடகை அதிகாரியாக நியமித்திருப்பார். மீதிச் சன்ஷேடும் எப்போது விழுமோ என்று இருப்பதால், அதைச் சரிசெய்ய உத்தரவிடக் கேட்டு அவரிடம் மனு கொடுக்கலாம். கோபத்தில் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினாலும் அவரிடமே போகலாம். காலி பண்ணச் சொல்லி மிரட்டினால் பயப்படாதே, கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் சாமானை வெளியே எடுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. உன் தோளுக்கான நஷ்டஈடு வேறு சங்கதி. அதற்கு சிவில் கோர்ட்தான்.

சிவில் வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: அவருக்கு முன்பே தெரியுமா? உன் போனில் இருப்பது அதற்குத்தான் தங்கம் மாதிரி. ஆகஸ்டில் சன்ஷேடின் அடியில் நீளமாக ஓடின வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அவர் "பாத்துக்கலாம்மா" என்று பதில் போட்டிருக்கிறார். அந்த வார்த்தையை நாம் எத்தனை காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்தால் பருத்துப்போய் காரையை உள்ளிருந்தே தள்ளும். முதலில் கம்பி ஓடுகிற வாக்கிலேயே வெடிப்பு வரும், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் பொத்தென்று ஒரு பாளம். ஒரே நாளில் வருகிற வியாதி இல்லை இது. 2023 டிசம்பர் மழையில் திருநெல்வேலி டவுனில் ஊறாத சுவரே கிடையாது, அதிலிருந்து அந்தக் காம்பவுண்டில் தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீரும் அதே சன்ஷேடு மேல்தானே விழுகிறது? அதையும் எழுதி வை. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பற்றி வீட்டுக்காரரிடம் சண்டை போட்டதாகச் சொன்னாயே, அவள் சாட்சி சொல்லத் தயங்குவாள், அவளும் அங்கேதானே இருக்கவேண்டும். இப்போது வற்புறுத்தாதே. அவளது ஒத்தி வீட்டுக்கும் இதே சட்டம்தானா என்று கேட்டாளாம். ஒத்திப் பத்திரத்தைப் பார்க்காமல் அதில் வாய் திறக்க முடியாது. ஒத்தியில் சில சமயம் ரிப்பேர் பாரம் குடியிருப்பவர் தலையிலேயே வந்து விழும்.

போனை மாற்றாதே, சாட்டை அழிக்காதே. இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 63-ம் பிரிவுச் சான்றிதழோடு அதைக் கோர்ட்டில் கொடுக்கவேண்டி வரும். வெறும் ஜெராக்ஸை நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார்.

திங்கட்கிழமை கொத்தனார் வருவதாகச் சொன்னாய். வேலையைத் தடுக்காதே. இன்னொருவர் தலையில் விழுந்தால் பாவம். ஆனால் அதற்கு முன்னால் மாப்பிள்ளையை ஒரு சிவில் என்ஜினீயரைக் கூட்டிவந்து பார்க்கச் சொல். அவர் பார்த்ததைக் கையெழுத்துப் போட்டு எழுதித் தரவேண்டும். துருப்பிடித்த கம்பியைப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். விழுந்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி உங்கள் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வழக்குப் போட்ட பிறகு கோர்ட் மூலம் வக்கீல் கமிஷனரை அனுப்பி இடத்தைப் பார்க்க வைக்கலாம், ஆனால் அதற்குள் பூசி வெள்ளையும் அடித்துவிட்டால் கமிஷனர் பார்க்கப்போவது புதுச் சன்ஷேடை.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனது நல்லதாயிற்று. ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் "வீட்டு மாடியில் சிமெண்ட் பாளம் விழுந்து" என்றுதான் எழுதியிருக்கிறதா, அதன் காப்பி வாங்கிப் பார். நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது, போலீஸ் வந்து கேட்குமே என்று பயந்து "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுவார்கள். அம்பை கோர்ட்டில் ஒரு தாவாவில் (சிவில் வழக்கில்) அப்படி ஒரு வரி மாட்டிக்கொண்டு, எதிர்த்தரப்பு வேறு எதையும் பேசாமல் அதையே திரும்பத் திரும்பப் படித்தது. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆட்டோவுக்குக் கொடுத்தது வரை ஒரு கவரில் போட்டு வை. உன் அத்தை நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போடச் சொல்கிறாளாம். எனக்கு அதில் விரோதம் கிடையாது. ஆனால் டாக்டர் வரச் சொன்ன தேதியில் போகாமல் விட்டால், "சரியாக வைத்தியம் பார்க்காததால்தான் கை வராமல் போனது" என்று நாளைக்குச் சொல்ல இடம் கொடுத்ததாகும்.

சம்பளம் போகிறதே என்று கவலைப்பட்டாய். உன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள், சீட்டில் பார்த்திருக்கிறேன். வேலையில் பட்ட அடியாக இல்லாவிட்டாலும் நோய்க்கால உதவி உண்டு. பிடித்தம் போதுமான நாளுக்கு இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இதை வாங்கினால் வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடக்கூடாது என்று ஆபீசில் யாரோ சொன்னார்களாமே, அந்தத் தடை வேலையில் படுகிற காயத்துக்கு. இதற்கு இல்லை.

போலீஸ் விஷயம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். கவனக்குறைவால் அப்படி ஆனால் 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் சட்டத்தில் 125-ம் பிரிவு 3 வருஷம் வரை தண்டனை என்கிறது. புகார் கொடுக்க உனக்கு முழு உரிமை உண்டு, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கலாம். இருந்தாலும் என் யோசனை, முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால் அங்கே நடக்கிறது பஞ்சாயத்து. "ஏதாவது வாங்கிட்டு முடிச்சுக்கோம்மா" என்பார்கள். கடைசியில் மறுபடி அந்த முழுத் திருப்தித் தாள்தான். நோட்டீசுக்கு அவர் முரண்டு பிடித்தால் அப்போது பார்ப்போம்.

நோட்டீசில் கணக்கு கேட்கவேண்டும்: இதுவரை ஆன வைத்தியச் செலவு, இனி ஆகப்போவது, போன சம்பளம், வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, கை முழுதாக வராவிட்டால் அதற்குத் தனியாக. இப்போது ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அவர் கையில் சேர்ந்ததற்கு அத்தாட்சி வருகிற மாதிரி அனுப்பவேண்டும். அவர் பதில் சொல்லாவிட்டால் நேரே தாவா போட வேண்டியதில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த மனு போகிற லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ஒத்துப்போனால் அது கோர்ட் டிக்கிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. அதனால் அங்கேயும் அவசரப்பட்டுத் தலையாட்டாதே.

அதுவும் நடக்காவிட்டால் தாவா. கேட்கிற தொகையில் நூற்றுக்கு 3 ரூபாய் கோர்ட் கட்டணம். காலக்கெடு பொதுவாக 3 வருஷம், ஆனால் அதை நம்பி இழுக்காதே. வருஷக்கணக்காக வாய்தா போகும் என்பதையும் மறைக்க மாட்டேன். வாதத்துக்கு ஒரு பழைய தீர்ப்பு கைகொடுக்கும். டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து ஆட்கள் செத்த வழக்கு, 1966-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. கட்டி 80 வருஷம் ஆன கூண்டு, அந்தச் சாந்து 40, 45 வருஷம்தான் தாங்கும் என்று சாட்சியம் வந்தது. தானாக இடிந்து விழுந்ததே கவனக்குறைவைக் காட்டுகிறது, பழுது வெளியே தெரிந்ததா உள்ளே ஒளிந்திருந்ததா என்பது சொந்தக்காரரைக் காப்பாற்றாது என்றார்கள். அது ரோட்டில் போனவர்களுக்கு நேர்ந்தது, குடியிருப்பவளுக்குப் பொருந்தாது என்று எதிரில் வாதாடுவார்கள். "வெடிப்பு தெரிந்தும் ஏன் அங்கே துணி காயப்போட்டாய்" என்றும் கேட்பார்கள், அதற்காகத் தொகையில் கொஞ்சம் கழித்தாலும் கழிக்கலாம். காம்பவுண்டு முழுக்கத் துணி காயப்போட வேறு கொடி இல்லை என்பதையும் படம் எடுத்து வை.

"நல்ல மனுஷர்ப்பா, பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து விட்டாரே" என்கிறாய். இருக்கட்டும், நானும் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. மாதம் பிறந்தால் வாடகை எண்ணி வாங்குகிறார் இல்லையா, அந்தக் காசில் சன்ஷேடும் சேர்த்தி. கேட்பதைக் கேட்டுவிட்டு அடுத்த பொங்கலுக்கும் அவரிடம் கரும்பு வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் வருகிறோம். அவள் உளுந்தங்களிக்கு மாவு திரித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கட்டி வைத்துவிட்டாள். நோட்டீஸ் வரைவை நான் எழுதிக்கொண்டு வருகிறேன், பாளையங்கோட்டையில் நமக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளையிடம் ஒப்பந்தம், ஏ.ஆர். காப்பி, வாடகை அனுப்பின ஸ்டேட்மெண்ட் மூன்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல். வீட்டுக்காரர் அதற்குள் தாளைக் கேட்டு வந்தால், "அப்பா வந்து பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க" என்று என் மேல் போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா