செல்போனைப் பூட்டி வைத்த நம்பிக்கு

பாளையங்கோட்டை,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள நம்பி,

இங்கே எல்லோரும் நலம். அங்கே சாரல் எப்படி என்று எழுது. இங்கே காற்றும் புழுதியும்தான்.

உன் கார்டு கிடைத்தது. செல்போனை அணைத்து, பீரோவில் செண்பகத்தின் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவளிடமே ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அது தெரியாமல் நான் உன் எண்ணுக்கு அழைத்து அழைத்து, 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று சொல்லும் அந்தப் பெண்ணோடு எனக்கு ஒரு பழக்கமே ஏற்பட்டுவிட்டது. தபால்காரர் மகன் தபால் துறையை வாழவைக்கப் புறப்பட்டுவிட்டான் என்று உன் மதினி சிரிக்கிறாள். சிரிப்பு இருக்கட்டும். கார்டில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக நீ எழுதியிருந்த வரியைப் படித்த பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

தலைவலிக்கும் கண் எரிச்சலுக்கும் செல்போன் திரைதான் முழுப் பொறுப்பு என்பது உன் முடிவு. முன்சீப் கோர்ட்டில் இத்தனை காலம் குமாஸ்தாவாக இருந்தவன், எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டாய். செல்போனுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பங்கு உண்டு. ஆனால் அது திரையிலிருந்து ஏதோ விஷம் கசிந்து கண்ணுக்குள் இறங்குவதால் வருவதல்ல. நாம் அதைப் பிடிக்கிற விதத்தாலும், பார்க்கிற விதத்தாலும், பார்க்கிற நேரத்தாலும் வருவது.

வைகாசியில் மூக்காண்டி மகள் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தபோது நான் உனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கவனிக்கவில்லை. எதையும் கவனிக்கும் நிலையில் நீ இல்லை. செல்போன் உன் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாக எழுத்தைப் பிடிப்பதற்காக முகவாயைத் தூக்கி, பிடரியை மடக்கி, வாயை லேசாகத் திறந்து, ஆந்தை போல் விழித்துக்கொண்டிருந்தாய். (நாலாவது பெஞ்சின் பட்டப்பெயரை இந்த வயதில் நினைவூட்டுகிறேன் என்று கோபிக்காதே. அந்தப் பெயருக்கும் இந்தக் கடிதத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது.) மூக்காண்டி வந்து உன் தோளைத் தட்டும் வரை நீ ஒழுங்காக இமைத்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு சாண் என்ன செய்கிறது என்று பார். பௌதிக வாத்தியார் சொல்கிறேன், பொறுத்துக்கொள். புத்தகத்தை நாம் சாதாரணமாக 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறோம். அந்தத் தூரத்து எழுத்தைத் தெளிவாகப் பார்க்கக் கண் 2.5 டயாப்டர் உழைக்க வேண்டும் (டயாப்டர் என்பது ஒளியைக் குவிக்கும் திறனின் அளவு). அதையே 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 4 டயாப்டர். பத்து வயதுப் பிள்ளையின் கண் 12 டயாப்டருக்கு மேல்கூட வளைந்து கொடுக்கும், ஆகவே அதற்கு இது ஒரு பொருட்டல்ல. அறுபதைத் தாண்டிய நமக்கு ஒரு டயாப்டர் மிஞ்சியிருந்தாலே பெரிய காரியம். மீதியைக் கண்ணாடிதான் கொடுக்க வேண்டும். உன் கண்ணாடியோ நீ ஓய்வு பெறுவதற்கு முன்பு எழுதி வாங்கியது, அதுவும் பேப்பர் படிக்கும் தூரத்துக்கு. சாயங்காலம் ஆனதும் புருவத்தில் ஒரு பாரம் ஏறாவிட்டால்தான் ஆச்சரியம்.

இனி எரிச்சல். எனக்கே அது இருந்தது. மணல் விழுந்தது போல ஓர் உறுத்தல். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என்னிடம் பிளஸ் டூ படித்த பெண்தான் அங்கே டாக்டராக இருந்தாள். வடிகட்டித் தாள் போன்ற ஒரு சிறு துண்டின் நுனியை மடித்துக் கீழ் இமையின் ஓரத்தில் செருகிவிட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள் என்றாள். கன்னத்தின் மேல் தாள் தொங்க, ஒரு வகுப்பையே அதட்டிய நான் அவள் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தாளில் ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. பத்துக்கு மேல் ஏறினால் நல்லது. எனக்கு அவ்வளவு ஏறவில்லை. கண்ணீரின் மேல் இமையோரச் சுரப்பிகள் ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பூசி வைத்திருக்கின்றன, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது என்று விளக்கினாள். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறைக்குக் குறையாமல் இமைக்கிறவன், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறானாம். இமைக்கும்போதும் பல தடவை இமை முழுவதும் மூடாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறதாம். போதாக்குறைக்கு நம் ஊர் ஆனி ஆடிக் காற்று, மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வருகிறது. அதற்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்து, இமைக்காமல் யாரோ அனுப்பிய காலை வணக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் காயாமல் என்ன செய்யும்?

ஆனால் இதில் செல்போனுக்கு மட்டுமே உரிய குற்றம் எதுவும் இல்லை என்பதையும் கவனி. பட்டமடையில் சன்னப் பாய் நெய்தவர்களும், முக்கூடலில் பீடி சுற்றியவர்களும் செல்போன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சாயங்காலத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். கிட்டத்தில் வைத்து, இமைக்க மறந்து, இடைவிடாமல் பார்க்கிற எந்த வேலைக்கும் கூலி இதுதான். அவர்கள் பொழுது சாய்ந்ததும் வேலையை நிறுத்தினார்கள், நாம் அப்போதுதான் ஆரம்பிக்கிறோம் என்பதே வித்தியாசம். இரவு பன்னிரண்டு வரை விழித்துப் பார்த்துவிட்டு மறுநாள் தலை கனக்கிறது என்றால், அந்தக் கனத்தில் பாதி தூக்கத்தின் கடன்.

டவுனில் ஒரு கடைக்காரர் உன் தலையில் கட்டிய அந்த 'ப்ளூ கட்' கண்ணாடியை, அதாவது நீல ஒளியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் கண்ணாடியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. ஊதா டார்ச்சை ஓர் அட்டையில் அடித்துக் காட்டி, நடுவில் கண்ணாடியை நீட்டி, ஒளி மறைந்ததைக் காட்டியிருப்பார். எல்லாக் கடையிலும் இதே வித்தைதான். டார்ச் ஒளியைத் தடுக்கிறது, உண்மை. அதனால் உன் கண் அசதி குறையுமா என்பதல்லவா கேள்வி? 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர் 17 மருத்துவப் பரிசோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, சாதாரணக் கண்ணாடியைவிட இது கண் அசதியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு சொன்னார்கள். காலையில் வயலைச் சுற்றிவரும்போது வானத்திலிருந்து உன் கண்ணில் விழும் நீல ஒளிக்கு முன்னால் செல்போன் கொடுப்பது மிகச் சொற்பம். அந்தக் காசுக்கு ஒழுங்காகக் கண் சோதித்து, சரியான பவரில் ஒரு படிப்புக் கண்ணாடி வாங்கியிருக்கலாம்.

உன் மதினியின் ஒற்றைத் தலைவலியை நீ உதாரணம் காட்டியிருக்கிறாய். அவளுக்கு செல்போனைப் பார்த்தால் வலி கூடுகிறது, மெய்தான். ஆனால் வலி கிளம்பும் வேளையில் அவளுக்கு அடுக்களை ட்யூப்லைட்டும் ஆகாது, ஜன்னல் வெயிலும் ஆகாது. வெளிச்சம் பொறுக்காமை அந்த நோயின் ஓர் அங்கம். ஆகவே எது முதலில் வந்தது என்று பார்க்காமல், கையில் இருந்த பொருளைப் பிடித்து உலுக்குவதில் பயனில்லை. அவளுக்கு நிஜமாகவே வலியைக் கிளப்பிவிடுவது பட்டினியும் தூக்கக்கேடும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

இப்போது அந்த ஓரத்து வரி. நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன்: 'போனைப் பூட்டின பிறகும் வெள்ளிக்கிழமை கரண்ட் போனபோது வலது புருவத்துக்கு மேல் அதே வலி வந்தது. கரண்ட் வந்ததும் தெருவிளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வட்டம், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தூங்கி எழுந்தேன், சரியாகிவிட்டது.'

நம்பி, அந்த வட்டம் எனக்கு அழகாகப் படவில்லை.

உன் கார்டை அந்த டாக்டர் பெண்ணிடமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் படித்ததும் முதலில் கேட்டது, 'சின்ன வயதிலிருந்தே பிளஸ் கண்ணாடி போடுகிறவரா?' என்றுதான். நாங்கள் உன்னை ஆந்தை என்று அழைத்ததே அந்தக் கனமான பிளஸ் கண்ணாடி உன் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டியதால்தானே. தூரப்பார்வைக்காரர்களின் கண் உண்மையில் அளவில் சிறியது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிவதற்குக் கருவிழியின் ஓரத்தில் ஒரு மூலை உண்டு. சிறிய கண்ணில் அந்த மூலை பிறவியிலேயே குறுகலாக இருக்கலாம். வயது ஏற ஏற உள்ளே இருக்கும் வில்லை (லென்ஸ்) தடித்து, அந்த இடத்தை இன்னும் நெருக்கும். இருட்டில் கண்ணின் பாப்பா, அதாவது நடுவிலுள்ள கறுப்புத் துளை, விரியும்போது சிலருக்கு மூலை அடைபட்டுப்போகிறது. நீர் வடிய வழியில்லாமல் 21-க்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம் 40, 50 என்று ஏறிவிடும். கருவிழியில் நீர் கோத்து வீங்குவதால்தான் விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது; புருவத்துக்கு மேல் வலிக்கிறது. தூக்கத்தில் பாப்பா சுருங்கும்போது மூலை திறந்து, காலையில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும்.

இதை வைத்து உன் கதையைத் திரும்பப் படி. விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தையும் மங்கலாக்கிக்கொண்டு, குப்புறப் படுத்து செல்போன் பார்த்தபோதெல்லாம் வலி வந்தது. குப்புறப் படுத்தால் வில்லை இன்னும் முன்னால் சாயும். செல்போன் இல்லாமல், வெறும் இருட்டில், கரண்ட் போன அன்றும் வந்தது. பகலில் பந்திக்குக் காத்திருந்தபோது அத்தனை நேரம் பார்த்தும் உனக்குப் புருவவலி வரவில்லை. நீதான் மூன்று தடவை பாயசம் வாங்கினாய். எனவே பகல் எரிச்சலுக்கு வேண்டுமானால் செல்போனைக் குற்றம் சொல். இரவு வலிக்கு அது பக்கத்தில் இருந்த சாட்சி மட்டுமாக இருக்கலாம்.

உன் அம்மாவுக்கு ஒரு கண் போனது எப்படி என்று நினைத்துப் பார்த்தாயா? ராத்திரி தலைவலி, வாந்தி. பித்தம் என்றார்கள், பத்துப் போட்டார்கள், இரண்டு நாள் கழித்துக் கண் தெரியவில்லை. அது என்ன நோய் என்று அன்றைக்கு யாரும் பெயர் சொல்லவில்லை, நானும் இன்று பெயர் வைக்கப்போவதில்லை. ஆனால் இந்தக் கண் அழுத்த நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபோது, எனக்கு உங்கள் வீட்டு முற்றம்தான் நினைவுக்கு வந்தது.

உனக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன். இரத்த அழுத்தத்தையும் அதோடு பார்த்துவிடலாம். கண்ணை மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, ஒரு சிறு வில்லையைக் கருவிழியில் ஒட்டவைத்து அந்த மூலையைப் பார்ப்பார்கள், வலிக்காது. மூலை குறுகல் என்று தெரிந்தால் லேசரால் பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழித் திரையில் ஊசிமுனையளவு ஒரு துளை போடுவார்கள். சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-லிருந்து இருக்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, எட்டயபுரத்துக்குப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர், முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தார். உன்னால் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயில் ஏறி வர முடியாதா?

கோயில் கொடை முடியட்டும் என்று நீ சொல்வாய். வேண்டாம். நீ வில்லுப்பாட்டு கேட்காவிட்டால் சுடலைமாடன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதெல்லாம் முடிந்த பிறகு செல்போனைத் தாராளமாக எடுத்துக்கொள். எழுத்தைப் பெரிதாக்கி, கையை நீட்டிப் பிடி. அவ்வப்போது தலையை நிமிர்த்திப் பொதிகையைப் பார். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள், உனக்கு வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் செண்பகத்தையும் அழைத்துக்கொண்டு வா. திரும்பும்போது பார்வை மங்கலாக இருக்கும், தனியாக வராதே. பழைய கண்ணாடி, புதுக் கண்ணாடி இரண்டும் பையில் இருக்கட்டும். நான் ஜங்ஷனில் நிற்கிறேன். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில். உன் மதினி அப்பளம் கொண்டுவரச் சொல்கிறாள்.

அன்புடன்,
வேலாயுதம்

பின்குறிப்பு: ஆஸ்பத்திரியில் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட வருவார்கள். விடுவதற்கு முன்பே வானவில் வட்டத்தைப் பற்றியும் உன் அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் குறுகலான மூலையை அந்த மருந்தே அடைத்துவிடக்கூடும். அதுவரை சளிக்கு என்று கடையில் நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே. சில மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். இடையில் வலியோடு வாந்தியும் வந்து, கண் சிவந்து பார்வை மங்கினால் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அந்த ராத்திரியே கார் பிடித்து வந்துவிடு.