விடியற்காலையில் கோயிலைத் திறந்து வையுங்கள்

டெல்டா மாவட்டங்களில் உள்ள லுத்தரன் சபைகளின் ஆயர்களுக்கும் சபைச் சங்கத்தாருக்கும் தோத்திரம்.

நான் கடைமடை ஊர்க்காரி. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்தாலும், கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். அதுவரைக்கும் தினமும் யாராவது மதகுப் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். வந்திருக்காது என்று தெரியும், ஆனாலும் போவார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஒரு கோடு முதலில் ஊர்ந்து வரும். வெடித்துக் கிடக்கும் மண் அதைக் குடிக்கிற சத்தம் கிட்டத்தில் நின்றால் கேட்கும். வேதாகமத்தின் 42-ஆம் சங்கீதத்தில் நீரோடைக்காகக் கதறுகிற மானை நான் கண்டதில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் தவறியபின் எனக்கு ஜெபம் வறண்டுபோனது. ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போனேன். ஞானப்பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் வாய் பாடியது, நெஞ்சு அசையவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டது என்று சொல்வார்களோ என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. அப்புறம் அதே சங்கீதத்தை வாசித்தபோது நாலாம் வசனத்தில் நின்றுவிட்டேன். முன்பு கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்ததை நினைத்துத்தான் அதைப் பாடிய மனுஷன் உருகுகிறான். போக முடியாத இடத்தில் இருந்துகொண்டு அழுகிறான்.

மறுநாள் ஐந்து மணிக்கே கோயிலுக்குப் போனேன். பூட்டியிருந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டில் பீடத்துச் சிலுவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. படியிலேயே உட்கார்ந்தேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் அந்த அரைமணி நேரம் அவர் பக்கத்தில் இருந்தார், அதை நான் அறிவேன். உள்ளே போய் முழங்கால்படியிட முடிந்திருந்தால் என்ற ஏக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். சடங்கோடு நிற்காமல் ஒவ்வொருவரும் தன் இருதயத்தில் ஆண்டவரோடு உறவாட வேண்டும் என்பதுதான் அந்த இயக்கத்தின் உயிர். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்ததும் ஒவ்வொருவர் கையிலும் வேதம் இருக்க வேண்டும் என்றுதானே? அந்த வேரில் வந்த நம் கோயில்கள் கிழமை நாட்களில் பூட்டிக் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்டியலும் மைக்செட்டும் திருடு போகும் என்கிறீர்கள், நியாயமான பயம்தான். அதற்குத்தான் சொல்கிறேன்: ஐந்து முதல் ஆறு வரை ஒரு மணி நேரம் திறந்தால் போதும். பாட்டு, பிரசங்கம், கீபோர்டு எதுவும் வேண்டாம். ஒரு விளக்கு போதும். வந்தவர் வந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போகட்டும். கல்யாணமாகிப் போன மகளை நினைத்து வருகிற தாயும் இருப்பாள், கடனில் தூக்கம் கெட்ட விவசாயியும் இருப்பார். காவலுக்கு எங்களைப் போன்ற வயசானவர்கள் முறைபோட்டு இருக்கிறோம். எங்களுக்கு எப்படியும் நாலு மணிக்கு மேல் தூக்கம் கிடையாது.

எங்கள் ஆயர் ஐயா சரி என்று சொல்லியனுப்பினால், இந்த வாரமே சாவி வாங்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
சபையின் மூத்த மகள் ஒருத்தி